பாங்குனா: கணக்குப் புத்தகத்தில் எழுதப்படாத ஆறு

நம்மூர் வேலிகளிலும் நெடுஞ்சாலைகளின் நடுவிலும் பூத்துக் கிடக்கும் காகிதப்பூவுக்கு 'போகன்வில்லா' என்று ஒரு பெயர் உண்டு. லூயி அந்துவான் தெ போகன்வில் என்ற பிரெஞ்சு மாலுமியின் நினைவாக வைக்கப்பட்ட பெயர் அது. 1768-இல் அவரது கப்பல் பசிபிக் கடலில் ஒரு பெரிய தீவின் ஓரமாகச் சென்றது. அந்தத் தீவுக்கும் அவர் பெயரே சூட்டப்பட்டது. பூவைத் தெரிந்தவர்கள் கோடிக்கணக்கில் இருப்பார்கள். தீவைத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு.

அப்போது இரண்டு லட்சம் பேர் கூட வசிக்காத அந்தத் தீவில்தான், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு தென் பசிபிக் பகுதி கண்ட மிகக் கொடிய போர் நடந்தது. பத்தாண்டு நீடித்த அந்தப் போர் மதத்துக்காகவோ மொழிக்காகவோ தொடங்கவில்லை. ஒரு செம்புச் சுரங்கத்தின் வரவு செலவுக் கணக்கில் தொடங்கியது.

கைமாறிய தீவு

போகன்வில் தீவு புவியியலில் சாலமன் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்தது. மக்களின் உறவு, வணிகம் எல்லாம் அந்தப் பக்கம்தான். ஆனால் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பிய வல்லரசுகள் வரைபடத்தில் கோடு போட்டபோது தீவு ஜெர்மனியின் பங்குக்குப் போனது. முதல் உலகப் போரில் ஆஸ்திரேலியா அதைக் கைப்பற்றியது. அடுத்த போரில் ஜப்பான் பிடித்தது. மீண்டும் ஆஸ்திரேலியா வந்தது. இத்தனை கைமாற்றத்திலும் தீவு மக்களிடம் ஒரு வார்த்தை கேட்டவர் யாருமில்லை.

1975 செப்டம்பர் 16 அன்று பப்புவா நியூ கினி சுதந்திர நாடானது. அதற்குப் பதினைந்து நாட்கள் முன்பே, செப்டம்பர் 1 அன்று, போகன்வில் மக்கள் 'வடக்கு சாலமன் குடியரசு' என்று தனி நாடு அறிவித்துவிட்டார்கள். உலகில் எந்த நாடும் அதை ஏற்கவில்லை. 1976-இல் மாகாண அரசு என்ற சமரசத்தோடு அந்த முயற்சி முடிந்தது. புதிய நாட்டின் தலைவர்களுக்குப் போகன்வில்லை விட மனமில்லை. காரணம் சொல்லத் தேவையில்லை. நாட்டின் பெரிய வருமானம் அந்தத் தீவின் மலைக்குள் இருந்தது.

முளைக்கல்லும் கண்ணீர்ப்புகையும்

தீவின் நடுவே உள்ள பாங்குனா மலைப்பகுதியில் 1964-இல் ஆஸ்திரேலியாவின் சி.ஆர்.ஏ. நிறுவனம் தாதுவைத் தேடத் தொடங்கியது. இது பிரிட்டனின் ரியோ டின்டோ குழுமத்தைச் சேர்ந்தது. செம்பும் தங்கமும் கலந்த பெரும் தாதுப் படிவம் அங்கே இருப்பது தெரிந்தது. 1967-இல் காலனி அரசோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. 'போகன்வில் காப்பர் லிமிடெட்' என்ற நிறுவனம் உருவானது.

நிலம் யாருடையது? ஆஸ்திரேலியச் சட்டத்தின்படி மண்ணுக்கு அடியில் இருக்கும் கனிமம் அரசுக்குச் சொந்தம். மேலே உள்ள மண் மட்டும்தான் மக்களுடையது. அப்பகுதியின் நாசியோய் மக்களுக்கோ இப்படி ஒரு பிரிவே புரியவில்லை. மேல் மண், அடி மண் என்று நிலத்தை எப்படிப் பிரிப்பது? அவர்கள் வழக்கத்தில் நிலம் தாய் வழியாக மகளுக்கு வருவது. ஆண்கள் பேரம் பேசலாம், சபையில் வாதாடலாம். ஆனால் நிலத்தின் உரிமை பெண்கள் வழியே தொடர்வது. கம்பெனி அதிகாரிகளோ கையெழுத்துக்கு ஆண்களையே தேடினார்கள்.

1969 ஆகஸ்டில் துறைமுகத்துக்காகக் கடற்கரையோர ரொரோவானா கிராமத்தின் நிலத்தை எடுக்க முனைந்தபோது பெண்கள் திரண்டு வந்தார்கள். அளவையாளர்கள் நட்ட கான்கிரீட் முளைக்கல்லைப் பிடுங்கினார்கள். போலீஸ் தடியடி நடத்தியது, கண்ணீர்ப்புகை வீசியது. ஆயுதமில்லாத கிராமத்துப் பெண்களோடு கவசம் அணிந்த போலீசார் மல்லுக்கட்டும் படங்கள் ஆஸ்திரேலியப் பத்திரிகைகளில் வெளியாயின. அந்நாட்டிலேயே பலரும் முகம் சுளித்தார்கள். இழப்பீட்டுத் தொகை கொஞ்சம் உயர்ந்தது. சுரங்கம் நிற்கவில்லை. 1972-இல் உற்பத்தி தொடங்கியது.

ஆறேகால் பைசா

இனி கணக்குக்கு வருவோம். ஏற்றுமதி மதிப்பில் 1.25 சதவீதம் ராயல்டி. அதிலும் நில உரிமையாளர்களுக்கு எதுவும் தருவதாக முதலில் திட்டமில்லை. போகன்வில் சார்பில் சட்டசபையில் இருந்த பால் லாபுன் போராடி, 1966-இல் அந்த ராயல்டியில் 5 சதவீதத்தை அவர்களுக்கு வாங்கித் தந்தார். 1.25 சதவீதத்தில் 5 சதவீதம்! நம் காசில் சொன்னால், 100 ரூபாய்க்குச் செம்பு விற்றால் நிலத்துக்குச் சொந்தக்காரர்களுக்கு ராயல்டியாக ஆறேகால் பைசா.

வாடகை, இழப்பீடு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தாலும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. 1972 முதல் 1989 வரை சுரங்கம் ஈட்டிப் பிரித்துக் கொடுத்த பணத்தில் ஏறத்தாழ 60 சதவீதத்துக்கு மேல் பப்புவா நியூ கினியின் மத்திய அரசுக்குப் போனது. மூன்றில் ஒரு பங்கு வெளிப் பங்குதாரர்களுக்கு. மாகாண அரசுக்கு 4 சதவீதம் அளவுக்கு. நில உரிமையாளர்களுக்குச் சுமார் 1.4 சதவீதம்.

நாட்டின் மொத்த ஏற்றுமதி வருமானத்தில் ஏறத்தாழ 45 சதவீதம் இந்த ஒரே சுரங்கத்திலிருந்து வந்தது என்பது குறிப்பிடத்தக்கது. பள்ளிகளும் சாலைகளும் மருத்துவமனைகளும் அந்தப் பணத்தில் எழுந்தன. அதை மறுக்க முடியாது. ஏழை நாடு ஒன்று புதிதாக எழுந்து நிற்க அந்தப் பணம் உதவியது. ஆனால் யாருடைய செலவில் எழுந்து நின்றது என்பதுதான் கேள்வி.

மீதி எங்கே போனது?

பாங்குனா தாதுவில் செம்பின் அளவு ஏறத்தாழ அரை சதவீதம்தான். அதாவது 100 கிலோ பாறையை உடைத்து அரைத்தால் கிடைப்பது அரைக் கிலோ செம்பு. மீதி 99.5 கிலோ?

அதை ஆற்றில் விட்டார்கள். கழிவைத் தேக்கி வைக்க அணை கட்டினால் செலவு கூடும். மழையும் நிலநடுக்கமும் மிகுந்த மலை வேறு. ஆறு இலவசம். அரைத்த கல்மாவு நாள்தோறும் ஒரு லட்சம் டன்னுக்கு மேல் கவெரோங் ஆற்றிலும் அதன் வழியே ஜாபா ஆற்றிலும் இறங்கியது. சுரங்கம் இயங்கிய 17 ஆண்டுகளில் சுமார் 30 லட்சம் டன் செம்பும் 300 டன்னுக்கு மேல் தங்கமும் வெளியே சென்றன. 100 கோடி டன்னுக்கும் அதிகமான கழிவு தீவிலேயே தங்கிவிட்டது. ஆற்றுப் படுகை மேடாகி, வெள்ளம் தோட்டங்களில் புகுந்தது. கரையோரக் காடுகள் நின்ற இடத்திலேயே பட்டுப்போயின. மீன்கள் இல்லாமல் போயின. கழிவு மண் கடல் வரை சென்று, எம்ப்ரஸ் அகஸ்டா விரிகுடாவில் புதிய கழிமுகத்தையே உண்டாக்கியது.

வணிகவியல் பாடத்தில் முதல் வருடமே கற்றுத் தரும் விஷயம் ஒன்று உண்டு. இயந்திரம் தேய்ந்தால் அதற்குத் தேய்மானம் எழுத வேண்டும். இல்லாவிட்டால் லாபம் பொய்யாகக் கூடித் தெரியும். பாங்குனாவில் லாரிக்குத் தேய்மானம் எழுதினார்கள், அரைவை ஆலைக்குத் தேய்மானம் எழுதினார்கள். ஆற்றுக்கு எழுதவில்லை. ஏனென்றால் ஆறு கம்பெனியின் சொத்துப் பட்டியலில் இல்லை. அது அந்தக் கரையில் வாழ்ந்தவர்களின் சொத்து. சொத்து ஒருவருடையது, தேய்மானமும் அவருடையது, லாபம் மட்டும் வேறொருவருடையது!

இதில் சட்ட மீறல் எதுவும் இல்லை என்பதுதான் கொடுமை. எல்லாம் ஒப்பந்தப்படியே நடந்தது. 1974-இல் அந்த ஒப்பந்தம் திருத்தப்பட்டு மத்திய அரசின் வருமானம் நன்றாக உயர்ந்தது. ஏழு ஆண்டுக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்வதாகவும் எழுதப்பட்டது. 1981-இல் அது நடைபெறாமலே போனது. 1988-இலும் அதே கதை. மக்கள் பேச ஒரு வாசல் இருந்தது. அதையும் திறக்காமல் விட்டார்கள்.

வெடித்தது

1987-இல் இளைய தலைமுறை நில உரிமையாளர்கள் சங்கத்தைக் கையில் எடுத்தார்கள். தலைவர் பெர்பெச்சுவா செரெரோ என்ற பெண்மணி. செயலாளர் பிரான்சிஸ் ஓனா, அதே சுரங்கத்தில் வேலை பார்த்தவர். நடந்த அழிவுக்கு 1000 கோடி கினா இழப்பீடு கேட்டார்கள். கினா என்பது அந்நாட்டுப் பணம். கம்பெனியும் அரசும் அதை வேடிக்கையாகவே பார்த்தன.

1988 நவம்பரில் சுற்றுச்சூழல் ஆய்வு ஒன்று வெளியானது. சுரங்கத்தின் மீது சொல்லப்பட்ட பல குற்றச்சாட்டுகளை அது ஏற்கவில்லை. ஓனா கூட்டத்திலிருந்து வெளிநடப்புச் செய்தார். சில நாட்களில் கம்பெனியின் வெடிமருந்துக் கிடங்கிலிருந்தே வெடிமருந்து எடுக்கப்பட்டு, சுரங்கத்துக்கு வந்த மின்கோபுரங்கள் தகர்க்கப்பட்டன. 1989 மே மாதம் சுரங்கம் மூடப்பட்டது. அதன் பிறகு இன்று வரை அது இயங்கவில்லை.

அரசு முதலில் போலீசையும் பிறகு ராணுவத்தையும் அனுப்பியது. கிராமங்கள் எரிந்தன. அதுவரை இழப்பீடு கேட்டவர்கள் விடுதலை கேட்கத் தொடங்கினார்கள். போகன்வில் புரட்சிப் படை வளர்ந்தது. ஆஸ்திரேலியா கொடுத்த ஹெலிகாப்டர்கள் தாக்குதலுக்குப் பயன்பட்டதாகக் கடும் குற்றச்சாட்டு எழுந்தது. 1990-இல் ராணுவம் விலகிக்கொண்டது. போகும்போது தீவைச் சுற்றி முற்றுகை போட்டது.

முற்றுகை என்றால் மருந்து இல்லை, எரிபொருள் இல்லை, தடுப்பூசி இல்லை. மலேரியாவாலும் பிரசவத்திலும் மக்கள் செத்தார்கள். எரிபொருள் இல்லாதபோது தேங்காய் எண்ணெயை ஊற்றி வண்டி ஓட்டினார்கள். சுரங்கத்தின் பழைய இரும்புகளைக் கொண்டு ஓடையில் சிறிய மின்நிலையங்கள் செய்தார்கள். ஆனால் தேங்காயால் எல்லா நோயையும் தீர்க்க முடியாதே! போரில் இறந்தவர்கள் 10,000 முதல் 20,000 வரை இருக்கலாம் என்று மதிப்பிடப்படுகிறது. இவர்களில் பெரும்பாலோர் குண்டு பட்டுச் சாகவில்லை. மருந்து கிடைக்காமல் செத்தவர்கள்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். புரட்சிப் படை கொண்டாடப்பட வேண்டிய தூய சேனை ஒன்றும் அல்ல. வெளியூர்த் தொழிலாளர்கள் விரட்டப்பட்டார்கள், சிலர் கொல்லப்பட்டார்கள். பழைய பகைகள் துப்பாக்கி வழியே தீர்க்கப்பட்டன. போகன்வில் மக்களே இரண்டாகப் பிரிந்து, அரசு ஆதரவோடு 'எதிர்ப்புப் படை' உருவாகி, அண்ணன் தம்பிகள் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள். சமாதானம் பேச முயன்ற இடைக்கால அரசின் தலைவர் தியோடர் மிரியுங் 1996 அக்டோபரில் சுட்டுக் கொல்லப்பட்டார். நியாயமான கோபம் என்றாலும் துப்பாக்கியின் கையில் கொடுத்துவிட்டால் பிறகு அது யார் சொல்லையும் கேட்பதில்லை.

கூலிப்படை வந்த கதை

1997-இல் பிரதமர் ஜூலியஸ் சான் ஒரு குறுக்கு வழி கண்டார். 'சாண்ட்லைன்' என்ற தனியார் படை நிறுவனத்துடன் 3.6 கோடி டாலர் ஒப்பந்தம். வேலை: போகன்வில் புரட்சிப் படையை ஒடுக்கிச் சுரங்கத்தை மீட்பது. சொந்த ராணுவ வீரர்களுக்குச் சாப்பாடும் மருந்தும் சரியாகக் கிடைக்காத நாட்டில், வெளிநாட்டுக் கூலிப்படைக்கு இத்தனை கோடி!

ஆனால் யாரும் எதிர்பாராதது நடந்தது. நாட்டின் ராணுவத் தளபதி ஜெர்ரி சிங்கிரோக் அந்தக் கூலிப்படையையே பிடித்து வைத்துக்கொண்டு, பிரதமர் பதவி விலக வேண்டும் என்றார். ஆனால் அவர் ஆட்சியைக் கைப்பற்றவில்லை. தலைநகர் போர்ட் மோர்ஸ்பியில் மாணவர்களும் பொதுமக்களும் தெருவில் இறங்கினார்கள். கூலிப்படை மூட்டை கட்டியது. சான் பதவியிலிருந்து ஒதுங்கினார், அடுத்து வந்த தேர்தலில் தன் தொகுதியிலேயே தோற்றார். காசு கொடுத்துப் போரை முடிக்க முடியாது என்று அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது.

துப்பாக்கி இல்லாமல் வந்தவர்கள்

அந்த உண்மையைப் போகன்வில் பெண்கள் முன்பே கண்டுகொண்டிருந்தார்கள். போரின் நடுவிலேயே அவர்கள் அமைதிப் பேரணி நடத்தினார்கள், ஊர் ஊராகக் கூடிப் பேசினார்கள். காட்டுக்குள் நடந்து போய், ஆயுதம் ஏந்திய மகன்களையும் மருமகன்களையும் வீட்டுக்கு அழைத்தார்கள். நிலத்தின் தாய்மார்கள் என்ற உரிமையில் பேசியதால் அந்தச் சொல்லுக்கு மதிப்பு இருந்தது. சுரங்க ஒப்பந்தத்தில் யாரும் கையெழுத்துக் கேட்காத அதே பெண்கள்தான் இவர்கள்!

1997-இல் நியூசிலாந்தின் பர்ன்ஹாம் ராணுவ முகாமில் பேச்சுவார்த்தை நடந்தது. முதலில் போகன்வில் தரப்பினர் தங்களுக்குள் பேசினார்கள். பிறகுதான் அரசோடு பேசினார்கள். போர் நிறுத்தத்தைக் கண்காணிக்க நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, பிஜி, வனுவாட்டு நாடுகளிலிருந்து ஒரு குழு வந்தது. அந்தக் குழுவில் யாரிடமும் ஆயுதம் இல்லை. கிடாரும் பாட்டுமாக ஊருக்குள் வந்த ராணுவத்தினரை மக்கள் முதல் முறையாகப் பார்த்தார்கள். 1998 ஏப்ரல் 30 அன்று நிரந்தரப் போர் நிறுத்தம் வந்தது. 2001 ஆகஸ்ட் 30 அன்று அராவா நகரில் அமைதி ஒப்பந்தம் கையெழுத்தானது. தன்னாட்சி, ஆயுத ஒழிப்பு, எதிர்காலத்தில் பொது வாக்கெடுப்பு என்று மூன்று தூண்கள் அதற்கு.

ஆயுதங்களைப் பெட்டகத்தில் பூட்டினார்கள். இரண்டு பூட்டு, ஒரு சாவி படைத் தலைவரிடம், இன்னொரு சாவி ஐ.நா. பிரதிநிதியிடம். ஒருவர் மட்டும் நினைத்தால் திறக்க முடியாது. ஒருவரையொருவர் நம்பாதவர்கள் எப்படிச் சமாதானம் செய்வது என்ற கேள்விக்கு இதைவிட எளிய பதில் இருக்க முடியுமா?

மறுபடியும் அதே குழி

2005-இல் தன்னாட்சி அரசு அமைந்தது. 2019 நவம்பர், டிசம்பரில் வாக்கெடுப்பு நடந்தது. செல்லுபடியான வாக்குகளில் 98 சதவீதத்துக்கு மேல் சுதந்திரத்துக்கு விழுந்தன. ஆனால் ஒப்பந்தப்படி அந்த முடிவு கட்டாயமல்ல, பப்புவா நியூ கினி நாடாளுமன்றம் ஏற்க வேண்டும். 2020-இல் தேர்தலில் வென்று ஜனாதிபதியான இஸ்மாயில் டொரோவாமா முன்னாள் புரட்சிப் படைத் தளபதி. 2027 செப்டம்பர் 1-ஐ விடுதலை நாளாகக் கொள்ள வேண்டும் என்று போகன்வில் தலைவர்கள் 2025-இல் அறிவித்தார்கள். 1975-இல் அறிவித்த அதே தேதி!

இங்கேதான் பழைய கேள்வி புதிய வேடத்தில் வருகிறது. தனி நாடு நடத்தப் பணம் வேண்டும். கொக்கோவும் கொப்பரையும் மட்டும் போதுமா? பாங்குனாவில் இன்னும் பல லட்சம் டன் செம்பு கிடக்கிறது. மின்வாகனங்களின் காலத்தில் உலகமே செம்பைத் தேடி அலைகிறது. எந்தச் சுரங்கத்தை எதிர்த்து மக்கள் எழுந்தார்களோ, அந்தச் சுரங்கத்தைத் திறந்தால்தான் விடுதலைக்கு முதல் கிடைக்கும் என்கிறார்கள். தன்னாட்சி அரசே அதை ஆதரிக்கிறது.

ரியோ டின்டோ 2016-இல் தன் பங்குகளை இரண்டு அரசுகளுக்கும் இலவசமாகக் கொடுத்துவிட்டு வெளியேறியது. அன்றைய சட்டப்படிதான் நடந்துகொண்டோம், சுத்தம் செய்யும் கடமை எங்களுக்கு இல்லை என்றது. பங்கைத் தானம் செய்வது போல் தெரியும். ஆனால் பாதிப் பள்ளத்தையும் செத்த ஆற்றையும் சேர்த்துத்தான் தானம் செய்தது! 2020-இல் கிராமத்தினர் 156 பேர் மனித உரிமை அமைப்பு ஒன்றின் துணையோடு ஆஸ்திரேலியாவில் முறையிட்டார்கள். அதன் பிறகே பாதிப்புகளை ஆய்வு செய்யச் செலவு ஏற்க நிறுவனம் சம்மதித்தது. 2024 டிசம்பரில் வந்த அந்த ஆய்வு, கைவிடப்பட்ட கட்டடங்களும் பெருகும் கழிவு மண்ணும் வெள்ளமும் இன்றும் மக்கள் உயிருக்கு ஆபத்தாக இருப்பதை உறுதி செய்தது. சுரங்கம் மூடி 35 ஆண்டுகள் கழித்து!

ஒரு நல்ல மாற்றமும் உண்டு. போகன்வில்லின் 2015 சுரங்கச் சட்டம் கனிமம் நில உரிமையாளர்களுக்கே சொந்தம் என்கிறது. தாதுவைத் தேட வேண்டாம் என்று மறுக்கும் உரிமையையும் அவர்களுக்குத் தருகிறது. மேல் மண், அடி மண் என்ற பழைய பிரிவினை அங்கே முடிந்துவிட்டது.

ஆனால் கம்பெனிக்குப் பதில் சொந்த அரசு முதலாளியானால் ஆறு தானாகத் தெளிந்துவிடாது. கொடி மாறலாம், பங்குதாரர் பெயர் மாறலாம். 100 கிலோ பாறையில் அரைக் கிலோ செம்பு என்ற கணக்கு மாறாது. மீதி 99.5 கிலோவை எங்கே வைப்பது, அதன் செலவை யார் ஏற்பது என்று முதலிலேயே எழுதி வைக்காவிட்டால், ஜாபா ஆற்றங்கரையில் இருப்பவர்கள்தான் மறுபடியும் அதைச் சுமப்பார்கள். அவர்களில் பலர் இப்போதும் குடிநீருக்கு நடந்து போகிறார்கள். புதிய ஒப்பந்தம் எழுதும் நாளில், 1969-இல் முளைக்கல்லைப் பிடுங்கியவர்களின் பேத்திகளும் அந்த மேசையில் உட்கார்ந்திருக்க வேண்டும்.